வன்னிக்கு ஒரு பழைய லாண்ட் ரோவர்: குறைந்த செலவில் எந்த எஞ்சின்?

2025 ஓகஸ்ட் 9, ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

அண்ணை, 88 அங்குல சீரீஸ் 3 லாண்ட் ரோவர் ஒன்று வாங்கியிருக்கிறேன். எஞ்சின் இல்லை. சேஸிஸ் நல்ல நிலையில் இருக்கிறது, கியர்பொக்ஸும் இரண்டு அக்சிலும் இருக்கின்றன, பதிவுப் புத்தகமும் சரி. காலபோகத்தில் குளத்துக்கு அப்பால் உள்ள வயலுக்கு விதைநெல்லும் உரமும் ஏற்ற வேண்டும். அந்தப் பாதை கார்த்திகை பிறந்தால் சேறுதான். பிராடோவில் வரும் 1கேஇசட் டர்போ எஞ்சினைப் போடச் சொல்கிறார்கள். பலமான எஞ்சினை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு கவலை இல்லை என்பதுதான் என் எண்ணமும். கையில் பணம் குறைவு. உங்கள் கருத்து என்ன?

ஓகஸ்ட் 9, இரவு

வேண்டாம், தம்பி. அந்த எஞ்சினைப் போட்டால்தான் கவலை தொடங்கும்.

உங்கள் வண்டிக்கு லாண்ட் ரோவர் கொடுத்த 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ 163 நியூட்டன் மீற்றர். அதே அளவு டீசலுக்கு அதைவிடக் குறைவு. கியர்பொக்ஸும் பின் அக்சிலும் அந்த அளவுக்காகச் செய்யப்பட்டவை. 1கேஇசட்-டிஈ கொடுப்பது ஏறத்தாழ 290. சீரீஸ் 3 வண்டியில் லோ ரேஞ்சில், அதாவது மெதுவாக இழுக்கும் நிலையில், முதல் கியர் போட்டால், எஞ்சின் 40 முறைக்கு மேல் சுற்றும்போது சக்கரம் ஒருமுறை சுற்றும். அந்த 40 மடங்கும் கடைசியில் மெல்லிய அக்சில் தண்டுகளின் மேல்தான் விழுகிறது. பழைய எஞ்சினுடன் ஓடிய காலத்திலேயே 88 அங்குல வண்டிகளில் இந்தத் தண்டு முறிவது எல்லோருக்கும் தெரிந்த கதை.

1கேஇசட்டின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம்; ஒருமுறை சூடேறினால் வெடிப்பு விடும். பம்பில் மின்னணுக் கட்டுப்பாடு. முத்தையன்கட்டுக்கு அப்பால் அது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

ஓகஸ்ட் 10

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் தட்டு, ஃபிளைவீல், கிளச், எஞ்சின் தாங்கிகள், றேடியேற்றர், குழாய்கள், சைலன்சர், வயரிங், முன் அக்சிலைச் சுழற்றும் புறொப்பெல்லர் தண்டுக்கு இடம்விடும்படி எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டை (சம்ப்) வெட்டுவது, பட்டறைக் கூலி. நான் அருகில் இருந்து பார்த்த எந்த மாற்றத்திலும் இவையெல்லாம் சேர்ந்து எஞ்சின் விலையைத் தொட்டுவிட்டன. சிலவற்றில் தாண்டியும் போயின. கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குள் எஞ்சினைத் தேடுங்கள்.

ஓகஸ்ட் 12

எந்த எஞ்சின் என்ற கேள்விக்கு வருகிறேன். நான் முதலில் பார்ப்பது, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களில் எந்த எஞ்சின் இருக்கிறது என்பதைத்தான். ஓடும் வண்டி உள்ள இடத்தில் அதைத் திருத்துபவர் இருப்பார். திருத்துபவர் இருக்கும் ஊரில் கஸ்கெட்டும் வோட்டர் பம்பும் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் மூன்று தேறுகின்றன.

முதலாவது டொயோட்டா 3எல். 2779 சிசி, டர்போ இல்லை, முழுக்க இயந்திர முறையில் இயங்கும் பம்ப், முறுக்குவிசை ஏறத்தாழ 190. டொல்பின் என்று நாம் அழைக்கும் டொயோட்டா ஹயேஸ் வானை ஓட்டும் எவருக்கும் இதன் குணம் தெரியும். ஹயர் ஓடும் வான்கள் அதிகம் என்பதால் உதிரிப்பாகம் சந்திக்குச் சந்தி இருக்கிறது. இதன் தம்பி 2எல், 2446 சிசி. அதுவும் போதும், கொஞ்சம் சோம்பல். ஆனால் 2எல்-டி என்ற டர்போ வகையைத் தொடாதீர்கள், ஹெட் வெடிப்பதில் பேர்போனது.

இரண்டாவது நிசான் டிடி27. 2663 சிசி, கரவன் வான்களில் வந்தது. பழங்கால அமைப்பு: வால்வுகளை இயக்கும் கேம் தண்டு கீழே, தள்ளுதண்டுகள் மேலே. ஓடும்போது சத்தம் கூட. 3எல்லைவிடச் சற்றே பலம் குறைவு.

மூன்றாவது இசுசு 4ஜேபி1, 2771 சிசி. இந்த மூன்றில் நேரடியாக எரியறைக்குள் டீசலைப் பீய்ச்சும் எஞ்சின் இது ஒன்றுதான். அதனால் எரிபொருள் குறைவாகக் குடிக்கும், குளிர்ந்த நிலையிலும் இலகுவாகக் கிளம்பும். சிறு லொறிகளில் வந்தது. நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். ஆனால் நம் பக்கத்தில் அப்படிக் கிடைப்பது அரிது, விலையும் கூட.

எனது தெரிவு 3எல்.

ஓகஸ்ட் 12, சற்றுப் பிறகு

டொல்பினிலிருந்து கழற்றிய 3எல்லும் ஹைலக்ஸிலிருந்து கழற்றிய 3எல்லும் உள்ளே ஒன்றுதான், வெளியே அல்ல. சம்பின் வடிவமும் தாங்கிகளின் இடமும் வேறுபடும். விலை பேசும்போது எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்று கேளுங்கள்.

ஓகஸ்ட் 14, வவுனிக்குளத்திலிருந்து ஒருவர்

எங்கள் வீட்டு மெசி 135 உழவு இயந்திரம் கெட்டுக் கிடக்கிறது, ஆனால் அதன் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. அதைப் போட்டால் எஞ்சின் செலவே இல்லையே ஐயா?

ஓகஸ்ட் 14, இரவு

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. வன்னியில் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினைவிட அதிகமானோர் அறிந்த எஞ்சின் இல்லை. மல்லாவியில் எங்கள் பெரியப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். 2.5 லீற்றர், நேரடிப் பீய்ச்சல், முறுக்குவிசை லாண்ட் ரோவரின் பெற்றோல் எஞ்சினுக்கு ஏறத்தாழச் சமம். அக்சில் தாங்கும். இதுவரை எல்லாம் நல்லது.

இனிக் கணக்கு. அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2250 சுற்றோடு நிற்கும். அதற்கு மேல் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவி விடாது. லாண்ட் ரோவரின் அக்சிலில் உள்ள டிபரன்சலின் விகிதம் 4.7, வீதியில் ஓடும் ஹை ரேஞ்ச் 1.148. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 5.4. 2250ஐ அதனால் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 417 முறை சுற்றும். 7.50-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உருளும். வருவது மணிக்கு 60 கிலோமீற்றருக்குச் சற்று மேல், அதுவும் எஞ்சின் அலறிக்கொண்டு. ஏ9 வீதியில் பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கமாட்டார். அதே வண்டியில் 3எல் 3000 சுற்றில் நிதானமாக 80ஐத் தொடும், மேலும் ஓட இடம் இருக்கும்.

இன்னொரு சிக்கல் பெரியது. உழவு இயந்திரத்தில் எஞ்சின் சேஸிஸின் மேல் உட்காருவதில்லை; எஞ்சின்தான் சேஸிஸ். அதன் சம்ப் கனத்த வார்ப்பிரும்பு, முன் அக்சிலின் சுமை அதன் வழியாகத்தான் போகிறது. பக்கத் தாங்கிகள் கிடையாது. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். கனம் முழுவதும் முன் சில்லுகளில் இறங்கும். சேற்றில் மூக்குக் குத்தும் வண்டி வெளியே வராது.

வயலை விட்டு வீதிக்கு ஏறவே மாட்டேன், இரண்டு கட்டை தூரம்தான் என்பவர் செய்யலாம். அப்படியென்றால் அந்த எஞ்சினை உழவு இயந்திரத்திலேயே விட்டு, இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு போகலாமே.

ஓகஸ்ட் 17

12ஆம் திகதிக் குறிப்பில் 3எல் என்று எழுதினேன். ஒட்டுசுட்டான் தம்பி நேற்று அனுப்பிய பாதையின் படங்களைப் பார்த்த பிறகு என் மனம் டிடி27 பக்கம் சாய்கிறது. காரணத்தை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் எஞ்சின் தெரிவில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

3எல்லின் கேம் தண்டையும் டீசல் பம்பையும் ஓட்டுவது பல் பெல்ட். 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். தார் வீதியில் ஓடும் வானுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பெல்ட்டின் மூடி மெல்லியது. சில்லு மூழ்கும் சேற்றில் நாள்தோறும் போகும் வண்டியில் சேற்று நீரும் மணலும் மூடிக்குள் போய்ப் பல்லில் அமரும். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கருங்களியாக இருந்தால் காய்ந்து இறுகிவிடும். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அத்தோடு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

டிடி27இல் அந்தப் பல் பெல்ட்டே இல்லை. எல்லாம் பல்சக்கரம், வார்ப்பு மூடிக்குள், ஒயிலில் நனைந்தபடி. கவனிக்கும் வேலையும் இல்லை. 4ஜேபி1இலும் லொறி வகைகள் பல்சக்கரம்தான், ஆனால் சில ஜீப், பிக்கப் வகைகளில் பெல்ட் வந்திருக்கிறது, பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே: வீதியில் பாதி, கிரவல் பாதையில் பாதி என்பவருக்கு 3எல். தண்ணீருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இறங்குபவருக்கு டிடி27. தம்பியின் பாதை இரண்டாவது வகை.

ஓகஸ்ட் 18

“சத்தம் கூட என்கிறீர்களே” என்று ஒருவர் கேட்கிறார். சீரீஸ் லாண்ட் ரோவரில் உட்கார்ந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். கியர்பொக்ஸின் ஓலமே காதை நிறைத்துவிடும்.

ஓகஸ்ட் 21

பெற்றோல் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். மலிவுதான், எடையும் குறைவு. சுசுகி எஸ்ஜே போன்ற சிறு ஜீப்பாக இருந்தால் நானும் பெற்றோல்தான் சொல்வேன், அந்த வண்டிக்கு அதுவே பொருத்தம். லாண்ட் ரோவருக்குச் சொல்லமாட்டேன்.

நம் கிராமங்களில் உழவு இயந்திரம் உள்ள வீடு ஒவ்வொன்றிலும் டீசல் கேன் ஒன்று இருக்கும். நடுவழியில் தீர்ந்துபோனால் கேட்டு வாங்கிவிடலாம். பெற்றோலுக்கு அப்படி இல்லை. பெற்றோல் எஞ்சினில் தண்ணீரைப் பார்த்தால் நின்றுவிடும் மின்பொறி வேலை வேறு இருக்கிறது. டீசலுக்குக் காற்று உறிஞ்சும் வாய் மேலே இருந்தால் போதும், இடுப்பளவு நீரிலும் துடிக்கும்.

இந்த மண்ணில் எரிபொருள் பற்றிய பேச்சு வெறும் சிக்கனப் பேச்சல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் எங்கள் வயதினர் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அது முடிந்தது. இன்றைய பெற்றோல் எஞ்சினில் அப்படிச் செய்தால் தட்டித் தட்டியே பிஸ்டன் போய்விடும். 2022 யூனில் டீசல் லீற்றர் 460 ரூபாயைத் தொட்டதும், அதன் பின் கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்றதும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. வாரத்துக்கு அளந்து கொடுத்த அந்த நாட்களில் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்பது ஒருவர் வயலுக்குப் போவதா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. எங்கள் குடும்பத்தில் தீர்மானித்தது. அதனால்தான் பெரிய எஞ்சின் என்ற பேச்சு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேனில் வைத்த டீசலில் தண்ணீரும் தூசும் இருக்கும். பம்புக்கு முன்னால் நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் கட்டாயம் பூட்டுங்கள். மின்னணு முறையில் மிகுந்த அமுக்கத்தில் டீசலைப் பீய்ச்சும் புதிய காமன்ரெயில் எஞ்சினாக இருந்தால் அந்தக் கேன் டீசல் இன்ஜெக்டர்களை ஒரே போகத்தில் முடித்துவிடும்.

ஓகஸ்ட் 25

எஞ்சின் பார்க்கப் போகும் தம்பிக்கு.

கடைக்காரர் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறட்டும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. கிளம்பியதும் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வரலாம். மூச்சு முட்டுவதுபோல் புகை அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது. றேடியேற்றர் வாயில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட்டிலோ கஸ்கெட்டிலோ கோளாறு.

அமுக்கமானி கொண்டு போங்கள். டீசலுக்கு உரிய மானி, பெற்றோலுக்கு உரியது தாங்காது. 3எல்லுக்கு டொயோட்டா சொல்லும் அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ, ஆகக் குறைந்தது 20. சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு 5க்குள் இருக்க வேண்டும். டிடி27 வாங்கினாலும் நான்கும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கின்றனவா என்றே முதலில் பார்ப்பேன்.

கொழும்பில் ஒரு கடையில் “ஜப்பானிலிருந்து நேராக வந்தது” என்று விற்ற எஞ்சினை எங்கள் உறவினர் ஒருவர் ஓட்டிப் பார்க்காமல் ஏற்றிவந்தார். பளபளவென்று வெள்ளி வர்ணம் அடித்திருந்தது. மாங்குளத்தில் இறக்கிப் பிரித்தபோது மூன்றாம் சிலிண்டரின் சுவரில் விரல்நகம் சிக்கும் அளவுக்குக் கீறல். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பணம் அவருடைய மனைவியின் நகை. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. வர்ணம் அடித்த எஞ்சினைவிட ஒயில் அழுக்கோடு நிற்கும் எஞ்சினை நம்பலாம். ஒழுக்கு எங்கே என்றாவது தெரியும். முடிந்தால் இன்னும் வானிலேயே இருக்கும் எஞ்சினை, ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய கரவன் ஒன்றை முழுதாக வாங்கி, எஞ்சினை எடுத்துக்கொண்டு மற்றதை விற்றவர்களையும் அறிவேன்.

ஓகஸ்ட் 26

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில்தான் வாங்க வேண்டுமா என்று கேள்வி. தேவையில்லை. அங்கே தெரிவு அதிகம், ஆனால் கூட ஒரு மெக்கானிக் இல்லாமல் போகாதீர்கள்.

செப்டெம்பர் 3

இணைப்புத் தட்டு பற்றி. இதைக் கண் அளவில் செய்யும் பட்டறையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிராங்க் தண்டின் நடுவும் கியர்பொக்ஸ் உள்தண்டின் நடுவும் ஒரே கோட்டில், 0.1 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். அளவுக்கடிகாரத்தை ஃபிளைவீலில் பூட்டி, கையால் சுற்றி, முள் எவ்வளவு அசைகிறது என்று பார்த்த பிறகுதான் ஊசிமுளைகளை அடிக்க வேண்டும். கோடு பிசகினால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் கிளச் சீராக விடாது, உள்தண்டின் பெயரிங் அழும், ஒரு மாரிக்குள் கியர்பொக்ஸைக் கழற்ற நேரும். ஆட்கள் எஞ்சினைத் திட்டுவார்கள். எஞ்சின் என்ன செய்யும்?

நல்ல கடைசல்காரருக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். முழு வேலையிலும் பேரம் பேசக்கூடாத இடம் இதுதான்.

செப்டெம்பர் 4

முழு எஞ்சினோடு ஹைலக்ஸ் கியர்பொக்ஸையும், முன் பின் அக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸையும் சேர்த்து இறக்கினால் தட்டே வேண்டாமே என்று மன்னாரிலிருந்து ஒருவர். நல்ல யோசனை, கியர்பொக்ஸும் பலமானது. ஆனால் லாண்ட் ரோவரின் டிபரன்சல் முன்னும் பின்னும் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. ஹைலக்ஸின் பின் தண்டு அந்தக் கோட்டில் வராது. அக்சிலையும் மாற்றத் துணிந்தால் செய்யுங்கள். அந்தச் செலவுக்கு ஒரு ஹைலக்ஸையே வாங்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

செப்டெம்பர் 11

சேற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வன்னியில் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் கோடைத் தூசு. ஆவணியில் கிரவல் வீதியில் ஒரு லொறிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் போதும், அந்தச் செம்மண் சிலிண்டரை அரைத்துவிடும். உழவு இயந்திரத்தில் வருவதுபோன்ற ஒயில் தொட்டி வடிகட்டியை நான் விரும்புகிறேன். கழுவி மீண்டும் பூட்டலாம், கடைக்குப் போக வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசு றேடியேற்றரை அடைக்கும். முன்னால் கழற்றக்கூடிய வலை போடுங்கள். மெதுவாக ஊரும் வண்டிக்குக் காற்று தானாக வராது, ஆகவே எஞ்சினோடு வரும் விசிறியையும் அதன் கூண்டையும் எறிந்துவிடாதீர்கள். ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் மட்டும் விசிறிப் பெல்ட்டைத் தளர்த்துங்கள், இல்லையேல் இதழ் வளைந்து றேடியேற்றரைக் கிழிக்கும். லாண்ட் ரோவரின் கிளச் கூட்டின் அடியில் ஒரு துளையும் அதற்கு ஒரு திருகாணியும் உண்டு. தண்ணீருக்குள் போகும் முன் பூட்டி, வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பாதை இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசையில் கேள்வி கேட்கும் இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கும் காணிக்குள் எந்த எஞ்சினோடும் போகாதீர்கள். பலகை விழுந்துபோன இடங்களும் இருக்கலாம். ஊரவர் நாள்தோறும் போகும் தடத்தை விட்டு இறங்காதீர்கள், இறங்குவதென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

செப்டெம்பர் 15

பத்திரங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் மாற வேண்டும். உங்கள் புத்தகத்தில் எரிபொருள் பெற்றோல் என்று இருந்தால் அதுவும் மாற வேண்டும். எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முன்னரே திணைக்களத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரியுங்கள். கடைச் சிட்டையும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியும் இல்லாமல் எஞ்சினை ஏற்றாதீர்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆகவே பம்பையும் நொசில்களையும் சரிபார்த்து வைப்பது வீண்செலவாகாது.

செப்டெம்பர் 28, ஒட்டுசுட்டான் தம்பி

அண்ணை, வவுனியாவில் ஓடும் கரவன் ஒன்றிலிருந்து டிடி27 எடுத்துவிட்டேன். நான்கு சிலிண்டரும் அண்மையாக இருக்கின்றன. இலக்கம் தெளிவு, சிட்டையும் உண்டு. சேஸிஸில் இறக்கிப் பார்த்தோம். சம்ப் முன் அக்சிலில் முட்டுகிறது. எஞ்சினை உயர்த்தவா, சம்பை வெட்டவா?

செப்டெம்பர் 28, இரவு

உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் கியர்பொக்ஸின் கோடு போய்விடும், பொனட்டும் மூடாது. படத்தைப் பார்த்தேன், முட்டுவது சம்பின் தாழ்ந்த பகுதி. அதை வெட்டி ஆழத்தைக் குறைத்து, இடப்பக்கமாக அகலத்தைக் கூட்டுங்கள். வலப்பக்கம் புறொப்பெல்லர் தண்டுக்கு வேண்டும். அக்சில் மேலே எழும்பும் அளவையும் பார்த்துவிட்டு வெட்டுங்கள், நிற்கும் நிலையில் மட்டும் பார்த்தால் முதல் பள்ளத்திலேயே இடிக்கும். ஒயில் உறிஞ்சும் குழாயையும் புதிய ஆழத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அடித்தட்டிலிருந்து ஒரு விரல் இடைவெளிக்குள். ஒயிலின் மொத்த அளவு குறையக்கூடாது. சம்பை வெல்டிங்கில் ஒட்டிய பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள். ஒயில் அளவு பார்க்கும் கோலில் புதிய குறி வெட்ட மறந்துவிடாதீர்கள்.